14 தட்டினால் 64 வருவது ஏன்?

நிரல் எழுதும் எடிட்டரின் செட்டிங்ஸைத் திறக்கிறீர்கள். எழுத்தளவு 16 என்று இருக்கிறது. கொஞ்சம் பெரிதாகப் படுகிறது, 14 வைத்துப் பார்க்கலாம் என்று பெட்டியில் உள்ளதை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 1 தட்டுகிறீர்கள். பெட்டியில் 6 வந்து உட்கார்கிறது. கண் அதைக் கவனிப்பதற்குள் விரல் 4-ஐயும் தட்டிவிட்டது. இப்போது பெட்டியில் 64. திறந்திருந்த நிரல் சுவரொட்டி எழுத்து அளவுக்கு வீங்கி, திரையில் ஏழெட்டு வரிதான் மிஞ்சியிருக்கிறது.

சரி, அழித்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம் என்று பேக்ஸ்பேஸ் தட்டுகிறீர்கள். 4 போய் 6 நிற்கிறது. இன்னொரு பேக்ஸ்பேஸ். 6 அசையவில்லை. மறுபடியும் தட்டினாலும் அதே 6. பேக்ஸ்பேஸ் சாவிதான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வருகிறது. வெறுத்துப்போய் அந்த 6-க்குப் பின்னாலேயே 14 என்று தட்டினால், பெட்டி முதலில் 61 ஆகிறது, அடுத்த தட்டில் 614 ஆக வேண்டியது 72 ஆகிவிடுகிறது. 72-ஐ யாரும் தட்டவே இல்லை.

நான் பராமரிப்பில் கைகொடுத்துவரும் ஒரு சிறிய எடிட்டரில் வந்த புகார் இது. திருத்தம் கடைசியில் நாற்பது வரிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அந்த நாற்பது வரியைச் சென்றடைய மூன்று முறை தப்பான இடத்தில் கைவைத்தோம். எங்கள் எடிட்டருக்கு மட்டும் சொந்தமான ‘பக்’ (நிரல் பிழை) அல்ல இது. தட்டத் தட்ட உடனே அமலுக்கு வருகிற எந்த செட்டிங்ஸ் பக்கத்திலும் ஏதோ ஒரு வேஷத்தில் ஒளிந்திருக்கக்கூடியது.

புகாரில் இருந்தது இரண்டே வாக்கியம். எழுத்தளவுப் பெட்டியில் தட்டச்சு செய்ய முடியவில்லை. வேறிடத்திலிருந்து 14-ஐ காப்பி செய்து ஒட்டினால் சரியாக ஏற்கிறது. இப்படி இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள் அபூர்வம். எழுதியவர் நன்றாக இருக்கட்டும், எங்கள் பாதி வேலையை அவரே முடித்துக்கொடுத்தார். ஒட்டும்போது 14 என்பது முழுசாக ஒரே அடியில் வந்து விழுகிறது. தட்டும்போது 1 முதலில் வருகிறது, 4 பிறகு. இரண்டுக்கும் நடுவே பெட்டியில் வெறும் 1 மட்டும் இருக்கிற அந்தக் கால் நொடியில்தான் ஏதோ நடக்கிறது.

இன்றைய எடிட்டர்களில் பல, எலக்ட்ரான் போன்ற பிரவுசர் தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்டவை. அவற்றின் செட்டிங்ஸ் பக்கம் உள்ளுக்குள் ஒரு வலைப்பக்கம்தான். ஒரு பெட்டியில் எழுத்து மாறினால் பிரவுசர் அதை இரண்டு விதமாகச் சொல்லும். ‘இன்புட்’ என்ற நிகழ்வு ஒவ்வொரு தட்டுக்கும் வரும். ‘சேஞ்ச்’ என்ற நிகழ்வு, தட்டுகிறவர் வேலையை முடித்து என்டர் அடிக்கும்போதோ பெட்டியைவிட்டு வெளியே போகும்போதோ ஒரே ஒரு முறை வரும். வலைப்பக்கம் கட்ட உதவும் ரியாக்ட் நிரலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இங்கே ஒரு குழி காத்திருக்கிறது. அதில் ‘ஆன்சேஞ்ச்’ என்று எழுதினால் நடப்பது ‘இன்புட்’ வேலை, அதாவது ஒவ்வொரு தட்டுக்கும் அழைப்பு வரும். பெயரை நம்பி ஒரு முறையாவது ஏமாறாதவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் நிரல் ஒவ்வொரு தட்டுக்கும் செய்தது இதுதான். பெட்டியில் உள்ள எழுத்தை எடுக்கும். அதை எண்ணாக மாற்றும். எண் 6-க்குக் குறைவாக இருந்தால் 6 ஆக்கும், 72-ஐத் தாண்டினால் 72 ஆக்கும். கிடைத்ததைச் சேமிக்கும். சேமித்ததை வைத்துப் பக்கத்தைத் திரும்ப வரையும். இப்போது நடந்ததை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 1 வந்தது, 6-க்குக் குறைவு, எனவே 6 ஆனது. 6 சேமிக்கப்பட்டது. பக்கம் திரும்ப வரையப்பட்டபோது பெட்டிக்குள் 6 எழுதப்பட்டது. ஒரு பெட்டியின் மதிப்பை நிரல் மாற்றி எழுதினால் கர்சர் கடைசிக்குப் போக வேண்டும் என்பது வலைப்பக்கங்களுக்கான எச்.டி.எம்.எல். தரநிலையின் விதி. கர்சர் 6-க்குப் பின்னால் போய் நின்றது. அடுத்து வந்த 4 அங்கேயே ஒட்டிக்கொண்டது.

பேக்ஸ்பேஸ் கதையும் இதே வழியில்தான் வருகிறது. 6-ஐ அழித்தால் பெட்டி காலியாகிறது. காலி எழுத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ‘நம்பர்’ 0 என்று பதில் சொல்லும். ‘பார்ஸ்ஃப்ளோட்’ என்ற இன்னொரு வழியில் கேட்டால் ‘எண் அல்ல’ என்று சொல்லும். (அந்த ‘எண் அல்ல’ என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் ‘நான்’ என்றாகிவிடும் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க விரித்தே எழுதுகிறேன்.) நாங்கள் முதல் வழியைப் பிடித்திருந்தோம். காலி என்பது 0 ஆனது, 0 என்பது 6 ஆனது, 6 பெட்டிக்குத் திரும்பி வந்தது. அழித்த மாதிரியே இல்லை.

இதில் வேடிக்கை, எந்த வரியையும் தனியாக எடுத்துக் குற்றம் சொல்ல முடியாது. வரம்பைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். சேமித்த மதிப்பையே திரையில் காட்டுவது அதைவிட நல்ல பழக்கம். இரண்டு நல்ல பழக்கங்களும் ஒரு பெட்டிக்குள் சந்தித்தபோதுதான் தட்டுகிறவரின் கையைத் தட்டிவிட்டன.

பொத்தான் இருந்த காலம்

இந்த பக் பழைய செட்டிங்ஸ் ஜன்னல்களில் வந்திருக்க வழியே இல்லை. அங்கே கீழே ஒரு ‘ஓகே’ பொத்தான் இருந்தது. பக்கத்தில் ‘கேன்சல்’, சில சமயம் ‘அப்ளை’. பெட்டிக்குள் நீங்கள் எதை வேண்டுமானாலும் தட்டலாம், அழிக்கலாம், பாதியில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். பொத்தானை அழுத்தும்வரை நிரல் வாயைத் திறக்காது. வலைப் படிவங்களும் அப்படித்தான் பிறந்தன. 1995-இல் வந்த எச்.டி.எம்.எல். 2.0 தரநிலையில் படிவம் என்பது நிரப்பி முடித்து மொத்தமாக அனுப்புவதற்கானது. பாதி நிரம்பிய பெட்டியைப் பற்றி எதிர்முனையில் இருக்கும் சர்வருக்கு ஒன்றும் தெரியாது.

விம் என்ற எடிட்டரில் இன்றும் அதே கதைதான். டேப் அகலத்தை மாற்ற ‘செட் டேப்ஸ்டாப்=4’ என்று கட்டளை வரியில் தட்டுகிறோம். என்டர் அடிக்கும்வரை அது வெறும் எழுத்து. 4-க்குப் பதில் 0 கொடுத்து என்டர் அடித்தால் 487-ஆம் எண் பிழை வரும்: மதிப்பு பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். நீங்கள் தட்டியதை விம் தானாகத் திருத்தி 1 ஆக்குவதில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு, பழைய மதிப்பிலேயே இருந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஈமேக்ஸ் என்ற எடிட்டர். 1997-இல் வந்த அதன் 20-ஆம் பதிப்பு ‘கஸ்டமைஸ்’ என்ற செட்டிங்ஸ் முகப்பைக் கொண்டுவந்தது. பார்ப்பதற்கு இன்றைய கண்ணுக்குக் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அமைப்புக்கும் பக்கத்தில் அது ஒரு நிலையைக் காட்டும்: பெட்டியில் திருத்தியிருக்கிறீர்கள், இன்னும் அமலுக்கு வரவில்லை; அமலுக்கு வந்துவிட்டது, இந்த முறைக்கு மட்டும்; சேமித்தாகிவிட்டது. தட்டிய எழுத்து, நடப்பு மதிப்பு, கோப்பில் உள்ள மதிப்பு என்று மூன்று தனித்தனிப் பொருள்கள் இருப்பதை அது ஒளிக்கவில்லை.

பிறகு பொத்தான்கள் போயின. மாற்றியதும் உடனே அமலாகட்டும், ‘ஓகே’ எதற்கு என்று மேக்கும் லினக்ஸின் குனோம் திரைமுகப்பும் தங்கள் வடிவமைப்பு வழிகாட்டிகளில் சொல்லத் தொடங்கின. டிக் பெட்டிக்கும் நழுவு பட்டைக்கும் இது மிகச் சரி. டிக் பெட்டிக்குப் பாதி நிலை கிடையாது. அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப். எழுத்துப் பெட்டி அப்படி இல்லை. அதில் 14-க்குப் போகிற வழி 1 வழியாகத்தான் போகிறது. பொத்தான் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. ‘தட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் ‘தட்டிவிட்டேன்’ என்பதற்கும் நடுவே வேலியாக நின்றது அதுதான். பொத்தானை எடுத்தபோது வேலியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டோம். எங்கள் பக் அந்த இடைவெளியில் முளைத்த களை.

அரைகுறை எண்கள்

எழுத்தளவு முழு எண் என்பதால் தப்பித்தோம். தசமம் வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

வி.எஸ். கோட் எடிட்டரில் வரி உயரம் என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் 0 கொடுத்தால் எழுத்தளவை வைத்து எடிட்டரே கணக்கிட்டுக்கொள்ளும். 0-க்கும் 8-க்கும் இடையில் கொடுத்தால் எழுத்தளவை அத்தனை மடங்காகப் பெருக்கிக்கொள்ளும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் அதையே நேரடி உயரமாக எடுத்துக்கொள்ளும். ஒரே பெட்டி, மூன்று அர்த்தம். இதே மாதிரி ஒரு பெட்டியை எங்கள் பழைய நிரலிடம் கொடுத்து 1.5 தட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1 தட்டியாயிற்று. புள்ளி வைக்கிறீர்கள். ‘1.’ என்பதை எண்ணாக மாற்றினால் 1. அதைத் திரும்ப எழுத்தாக்கினால் ‘1’. பெட்டி திரும்ப வரையப்படும்போது புள்ளி காணாமல் போகிறது. நீங்கள் வைத்தீர்கள், அது தின்றுவிட்டது. அடுத்து 5 தட்டினால் 15. ஒன்றரை மடங்கு கேட்டவருக்கு 15 பிக்சல் உயரம் கிடைக்கிறது. 14 எழுத்தளவில் அது ஏறத்தாழ நெருக்கமான வரிகளாகத் தெரியும் என்பதால், பக் என்று உடனே பிடிபடக்கூட செய்யாது. இப்படி ‘சரிதான் போல’ என்று தெரிகிற பக்கைவிட, 64-க்கு வீங்குகிற பக் எவ்வளவோ மேல்.

இதே வகையில் ‘1.0’-ஐ ஒட்டிவிட்டு 5 தட்டி ‘1.05’-க்குப் போகவும் முடியாது. பூஜ்யமும் புள்ளியும் சேர்ந்து போய்விடும். கழித்தல் குறியில் தொடங்கும் எண்ணைத் தட்டவே முடியாது, ஏனென்றால் வெறும் ‘-’ எந்த எண்ணும் இல்லை. செட்டிங்ஸ் கோப்புகள் பெரும்பாலும் எழுதப்படுகிற ஜேசன் வடிவமும் இந்த அரைகுறைகளை ஏற்காது. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கமாவது வேண்டும், முன்னால் வெட்டிப் பூஜ்யம் கூடாது, ‘எண் அல்ல’ என்ற மதிப்புக்கு அதில் இடமே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் ‘எண் அல்ல’ என்பதை ஜேசனாக மாற்றினால் சத்தமில்லாமல் ‘நல்’, அதாவது வெற்று மதிப்பு, என்று எழுதி வைத்துவிடும். அடுத்த முறை எடிட்டரைத் திறக்கும்போது எழுத்தளவு ‘நல்’. அது யார் செய்த வேலை என்று கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போகும்.

எங்களுடைய தப்பான மருந்துகளுக்கு வருகிறேன். முதலாவது, தாமதம். ஒவ்வொரு தட்டுக்கும் பாயாமல், கை நின்று 300 மில்லிநொடி கழித்துச் சரிபார்க்கலாம் என்றோம். எங்கள் கணினிகளில் பக் மறைந்துவிட்டது. மறைந்தது ஏனென்றால் நாங்கள் எல்லோரும் வேகமாகத் தட்டுகிறவர்கள். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிறவருக்கு 1-க்கும் 4-க்கும் நடுவே ஒரு நொடி போகும். அவருக்கு 64 வந்துகொண்டேதான் இருந்தது. பக் போகவில்லை, மெதுவாகத் தட்டுகிறவர்கள் தலையில் மட்டும் விழும்படி ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இதில் இன்னும் கூச்சம் உண்டு.

இரண்டாவது, தட்டும்போது வரம்பையே பார்க்க வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். இப்போது 14 தட்டலாம். நடுவில் 1 வரும்போது திறந்திருக்கும் கோப்பு முழுவதும் ஒரு பிக்சல் உயரத்துக்குச் சுருங்கி, தூசி படிந்த மாதிரி தெரிந்து, திரும்ப விரிந்தது. கண்ணுக்கு உறுத்தல், ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். பிறகு ஒருவர் டேப் அகலப் பெட்டியில் 4-ஐ அழித்தார். காலி 0 ஆனது. அடுத்த டேப் நிறுத்தத்தைத் தேடும் சுற்று, ஒவ்வொரு முறையும் டேப் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போய் இலக்கைத் தொட வேண்டும். 0-ஐக் கூட்டிக்கொண்டே இருந்தது. எடிட்டர் உறைந்து நின்றது. விம் ஏன் 0-ஐ வாசலிலேயே நிறுத்துகிறது என்று அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

மூன்றாவது, பெட்டியின் வகையை ‘நம்பர்’ என்று மாற்றினோம். பிரவுசரே எண்ணைத் தவிர மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்ற நப்பாசை. அந்த வகைப் பெட்டியில் பாதி எண் இருக்கும்போது மதிப்பைக் கேட்டால் பிரவுசர் காலி எழுத்தைத் தருகிறது. திரையில் ‘-’ தெரிகிறது, நிரலுக்குக் காலி என்று சேதி போகிறது. பயனர் ஒன்றும் தட்டவில்லையா, அரைகுறையாகத் தட்டியிருக்கிறாரா என்று மதிப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது; ‘செல்லாத உள்ளீடு’ என்ற தனிக் கொடியைப் பார்க்க வேண்டும். அதோடு, பெட்டிக்குள் கர்சர் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண் ஏறி இறங்கிவிடும். பக்கத்தை உருட்டப்போய் எழுத்தளவை உருட்டியவர்கள் உண்டு. பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளுக்கான வடிவமைப்புக் குழு 2020-இல் இந்த வகையைக் கைவிட்டு, சாதாரண எழுத்துப் பெட்டிக்கே திரும்பியது. சக்கரத் தொல்லையும் உதவிக் கருவிகளோடு ஒத்துப்போகாததும் அவர்கள் சொன்ன காரணங்களில் உண்டு. மேல்-கீழ் அம்புக்குறியால் 0.1 வீதம் ஏற்ற நம் நிரலிலேயே வெறுமனே கூட்டினால், 1.1-க்கு அடுத்து 1.2 வராது, 1.2000000000000002 வரும். இரும எண் முறையில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாததால் வருகிற பழைய வியாதி அது.

பெட்டிக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்று

கடைசியில் வேலை செய்தது இதுதான்: பெட்டிக்குள் இருப்பது வரைவு, அது எப்போதும் எழுத்து, செட்டிங்ஸில் இருப்பது மதிப்பு, அது எப்போதும் எண். இரண்டையும் வெவ்வேறு மாறிகளில் வைத்தோம். வரைவிலிருந்து மதிப்புக்குப் போகலாம். தட்டுகிறவர் பெட்டிக்குள் இருக்கும்வரை மதிப்பிலிருந்து வரைவுக்குத் திரும்பி வரக் கூடாது. ஒருவழிப் பாதை.

வரைவைப் படித்துப் பார்க்கும் நிரல் முன்பு ஓர் எண்ணைத் திருப்பித் தந்தது. இப்போது மூன்றில் ஒன்றைச் சொல்கிறது: செல்லும், செல்லாது, இன்னும் முடியவில்லை. காலிப் பெட்டி, ‘1.’, ‘-’ எல்லாம் முடியாதவை. அவற்றுக்குச் சிவப்புக் கட்டம் போட மாட்டோம். ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது வாக்கியத்தின் நடுவில் இலக்கணப் பிழை சொல்லுகிற மாதிரி அது. ‘அஆ’ என்று தட்டினால் செல்லாது; உடனே சொல்லலாம். 1 என்று மட்டும் இருந்தால்? 6-க்குக் குறைவு, ஆனால் 14-க்கோ 12-க்கோ போகிற வழியாக இருக்கலாம். எனவே அதுவும் முடியாதது. 200 என்றால் இன்னும் என்ன தட்டினாலும் 72-க்குள் வரப்போவதில்லை; அது செல்லாது. கீழ் வரம்பும் மேல் வரம்பும் இப்படி ஒரே மாதிரி இல்லை என்பது எழுதும்போதுதான் உறைத்தது.

பெட்டியைவிட்டு வெளியேறும்போதும் என்டர் அடிக்கும்போதும் கணக்கு முடிக்கப்படும். செல்லும் என்றால் மதிப்பாகும், ‘014’ போன்றவை அப்போது ‘14’ என்று ஒழுங்காகும். செல்லாது என்றால் தட்டியதை அப்படியே விட்டுவிட்டு, கீழே ஒரு வரியில் 6 முதல் 72 வரை இருக்கலாம் என்று எழுத்தால் சொல்கிறோம். நிறத்தால் மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பெட்டியில் பிழை என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது 2008-இல் வந்த வலை அணுகல் வழிகாட்டியின் அடிப்படை நிலை விதிகளில் ஒன்று. எஸ்கேப் அடித்தால் வரைவு போய்ப் பழைய மதிப்பு திரும்பும். காலியாக விட்டு வெளியேறினால் அமைப்பே கோப்பிலிருந்து நீங்கி, இயல்பு மதிப்பு அமலாகும். காலி என்பது 0 அல்ல என்பதை ஒருவழியாக நிரலுக்குப் புரியவைத்தோம்.

தட்டத் தட்ட எழுத்து மாறுவதைப் பார்க்கும் சுகம் என்ன ஆவது? இதைத்தான் அதிகம் விவாதித்தோம். எழுத்தளவுக்கு அது வேண்டும். எத்தனை பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்துத்தான் மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். எனவே வரைவு செல்லும் நிலையை அடைந்த அந்தக் கணமே மதிப்பாக அமலாக்கலாம், பெட்டியை மட்டும் தொடாமல் இருந்தால் போதும் என்று முதலில் நினைத்தோம். எல்லாப் பெட்டிக்கும் இதையே வைத்துவிடலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

பிறகு எடிட்டருக்குள்ளேயே கட்டளைகளை ஓட்டும் டெர்மினல் நினைவுக்கு வந்தது. டெர்மினலில் எத்தனை வரி பின்னால் சேமித்து வைப்பது என்று ஓர் அமைப்பு இருக்கும், வி.எஸ். கோடில் இயல்பாக 1000. அதை 5000 ஆக்க ஒருவர் 5 தட்டுகிறார். 5 செல்லுகிற எண்தான். உடனே அமலாக்கினால் கடைசி 5 வரி மிஞ்சும், மற்ற 995 வரியும் குப்பைக்குப் போகும். அவர் அடுத்த மூன்று பூஜ்யத்தையும் தட்டி முடிக்கும்போது 5000 வரிக்கு இடம் இருக்கும், வைப்பதற்குத்தான் ஒன்றும் இருக்காது. செய்த மாற்றத்தைப் பின்வாங்கும் (‘அன்டூ’) படிகளின் எண்ணிக்கைக்கும் இதே கதி. தானாகச் சேமிக்கும் இடைவெளியை 1000 மில்லிநொடி என்று தட்டினால், அது 1, 10, 100 வழியாகத்தான் போகும். நடுவில் சில கணங்கள் எடிட்டர் மில்லிநொடிக்கு ஒரு முறை கோப்பைச் சேமிக்கத் துடிக்கும். வழியில் வருகிற எண்கள் செல்லுபடியாவது மட்டும் போதாது, அவை ஆபத்தில்லாதவையாகவும் இருக்க வேண்டும். நிரலால் இதை ஊகிக்க முடியாது. ஒவ்வோர் அமைப்பின் வரையறையிலும் ‘தட்டும்போதே காட்டலாமா’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்தோம். இயல்பு, கூடாது. எழுத்தளவு, வரி உயரம் போன்ற கண்ணுக்குத் தெரிகிற சிலவற்றுக்கு மட்டும் ஆம்.

ஒருவழிப் பாதை என்றேனே, அதை உடைக்க வருகிற இன்னொரு ஆள் கோப்புக் கண்காணிப்பு. எடிட்டர் செட்டிங்ஸைக் கோப்பில் எழுதுகிறது. அதே கோப்பை யாராவது கையால் திருத்தினால் தெரியட்டும் என்று கண்காணித்துக்கொண்டும் இருக்கிறது. தான் எழுதியதையே பிறர் எழுதியதாக நினைத்துத் திரும்பப் படித்து, பெட்டியில் போடும். வட்டு கொஞ்சம் மந்தமாக இருந்தால், நீங்கள் ‘ஃபிரா’ என்று எழுத்துரு பெயரைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, அரை நொடிக்கு முந்தைய ‘ஃபி’ எதிரொலியாக வந்து பெட்டியை மூடும். இதைத் தாமதத்தால் சரிசெய்ய முடியாது என்று இதற்குள் கற்றிருந்தோம். கர்சர் உள்ளே இருக்கும் பெட்டிக்கு வெளியிலிருந்து எந்த மதிப்பும் வரக் கூடாது என்ற விதி இதையும் சேர்த்தே அடைத்தது.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு இந்த எதிரொலி இரட்டைத் தொல்லை. ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில விசைகளைத் தட்டி, தமிழ் எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு பிரவுசர் தனி நிகழ்வுகள் வைத்திருக்கிறது. கூட்டெழுத்து முடியும் முன் நிரல் பெட்டியைத் திருத்தினால் பாதி எழுத்து அந்தரத்தில் தொங்கும், அல்லது இரண்டு முறை விழும். ஜப்பானிய, சீன உள்ளீட்டில் என்டர் என்பது பரிந்துரைத்த சொல்லை ஏற்கும் சாவியும் கூட. அதை ‘தட்டி முடித்துவிட்டேன்’ என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சொல் மதிப்பாகிவிடும். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்வரை வரைவு முடியாததுதான் என்று ஒரு வரி சேர்த்தோம். சஃபாரியில் அந்த நிகழ்வுகள் வரும் வரிசை மாறுவதால் அதற்கு இன்னொரு வரி.

இத்தனை நாள் இது எங்கள் சோதனைகளில் ஏன் சிக்கவில்லை? எழுத்தளவுப் பெட்டிக்குத் தானியங்கிச் சோதனை இருந்தது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பச்சை விளக்கு எரிந்தது. சோதனையைத் திறந்து பார்த்தால், பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் கருவியின் ‘ஃபில்’ கட்டளை. அது பெட்டியில் 14-ஐ ஒரே மூச்சில் வைத்து, ‘இன்புட்’ நிகழ்வை ஒரு முறை கிளப்பும். புகார் எழுதியவர் காப்பி செய்து ஒட்டினாரே, அதே வேலை. எங்கள் சோதனை எந்தக் காலத்திலும் தட்டச்சு செய்ததே இல்லை. விசை விசையாகத் தட்டுவதற்கு அதிலேயே வேறு கட்டளை இருக்கிறது. இப்போது சோதனை 16-ஐத் தேர்ந்தெடுத்து 1 தட்டி, பெட்டியில் 1 இருக்கிறதா, எடிட்டரில் இன்னும் 16 இருக்கிறதா என்று நடுவழியிலேயே நின்று கேட்கிறது. அப்புறம் 4. அப்புறம் இரண்டு பேக்ஸ்பேஸ், பெட்டி காலியாகத்தான் இருக்கிறதா என்று.

திருத்தம் வெளிவந்த பிறகு வந்த புகார் ஒன்றே ஒன்று. எண்ணைத் தட்டிவிட்டு என்டர் அடிக்காமல், பெட்டியைவிட்டு வெளியேறாமல், கன்ட்ரோல்-டபிள்யூ அழுத்தி செட்டிங்ஸ் பக்கத்தையே மூடுகிறார் ஒருவர். வெளியேறும் நிகழ்வு வருவதற்குள் பெட்டியே இல்லாமல் போய்விடுகிறது. வரைவும் கூடவே போகிறது. நீளமான செட்டிங்ஸ் பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிற வரிகளை மட்டுமே வரைந்து வைத்திருப்பதால், பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே உருட்டினாலும் இதே கதைதான். வரைவை வரியிலிருந்து எடுத்து பக்கத்தின் பொறுப்பில் வைத்ததும் உருட்டும் பிரச்சினை தீர்ந்தது. மூடும் பிரச்சினையில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. மூடுவது சம்மதம் என்கிறது ஒரு பக்கம், மூடுவது கைவிடுதல் என்கிறது இன்னொரு பக்கம். இப்போதைக்கு, தட்டும்போதே காட்டலாம் என்று குறித்த அமைப்புகளில் வரைவு செல்லுமானால் ஏற்கிறோம். டெர்மினல் வரிகள் மாதிரி வெட்டி எறியக்கூடியவற்றில், என்டர் அடிக்காதவரை பழைய மதிப்பே நிற்கிறது.